புகைக்கூடத்தில் இலேசான வேலை

அரசாங்க வேலைக்கு வருகிற ஒருவனின் ரத்த அழுத்தத்தை எப்படி அளக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கொஞ்ச நேரம் அவனை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். காலைக் குறுக்கே போட்டிருக்கக்கூடாது. காப்பி குடித்திருக்கக்கூடாது, சிகரெட் பிடித்திருக்கக்கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக்கூடாது. அளக்கும்போது இருவரும் பேசக்கூடாது. நான் மருத்துவன் அல்ல. மலேசியாவில், ஈப்போ நகரில், சுகாதார இலாகாவின் ஓர் அலுவலகத்தில் உடல் பரிசோதனைத் தாள்களைச் சரிபார்த்து அடுக்கி வைத்தே ஓய்வு பெற்றவன். தகுதி, தகுதியில்லை, மறுபரிசோதனை என்று மனிதர்கள் மூன்று வகைப்படுவார்கள் என்பதுதான் அங்கே நான் கற்றுக்கொண்ட தத்துவம்.

எழுபதுகளின் பின்பாதியில் அந்த மூன்றாவது வகையில் என் அக்காள் கணவர் வந்து விழுந்தார்.

மச்சான் பீடோருக்கு உள்ளே, நானும் அக்காவும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். அக்காவும் அங்கேதான் மரம் வெட்டினாள். இரண்டு பெண் பிள்ளைகள். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இரண்டு அறை வீடு. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது வேலைக்குப் போகும்வரை அதில் இருக்கலாம். தோட்டத்தை விற்கப்போகிறார்கள், ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பேச்சு கிளம்பும். அந்த நேரத்தில்தான் சித்தியவானில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கு ஜாகா, அதாவது காவலாளி, வேண்டியிருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளைகள் நடந்து போய்ப் படிக்கலாம். கடைசியில் பென்ஷன். நேர்முகத்தில் மச்சானைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது; இதை விட்டால் அரசாங்க வேலை அடுத்த பிறவியில்தான். மீதம் இருந்தது உடல் பரிசோதனை ஒன்று மட்டுமே.

அதில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகவே விளக்கினார். உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், உடம்பை வருத்தாத வேலையாகப் பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்து வர வேண்டும். மறுபரிசோதனை ஒருமுறைதான் தருவார்கள். அதிலும் தேறாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பள்ளி அதுவரை ஒரு தற்காலிக ஆளை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். விதிமுறை அப்படி. நான் அதை வரி பிசகாமல் அக்காவுக்குச் சொன்னேன். அவள் அதை வரி பிசகாமல் கடைப்பிடித்தாள். நான் சொல்லப்போகும் கதையில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து மருந்தகத்தில் இருந்த மருத்துவ உதவியாளரை எல்லோரும் டிரசர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரின் சீட்டைப் பார்த்து அவரும் ஒரு சீட்டு எழுதினார்: லைட் டூட்டி, இலேசான வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மண்டோர் அந்தச் சீட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வெட்டுக்காரர்களை மேற்பார்க்கிற மனிதர், மச்சானுக்குப் பழைய சிநேகிதர்.

“ஒக்காந்து பாக்குற வேலை ஒன்னு இருக்குக்கா,” என்றார் அக்காவிடம். “ஸ்மோக் அவுஸ்ல தீ பாத்துக்கிட்டு இருந்தாருல்ல, அவரு போன மாசம் போய்ட்டாரு. அவரு எடம் காலியாதான் இருக்கு. வெயில் இல்ல, மழை இல்ல, வாளி தூக்க வேணாம். ஒக்காந்து வெறகு தள்ளுனா போதும்லா.”

“அவரு எப்படிண்ணே போனாரு?” என்று கேட்டாள் அக்கா.

“ஒக்காந்த வாக்குல போய்ட்டாரு. நெஞ்ச புடிச்சாராம், அவ்வளவுதான். குடுத்து வச்ச சாவு.”

எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மரம் வெட்டுறவனுக்கு நாற்காலி கெடைக்குது பாரு. இனிமே நானும் கிராணிதான்.”

கிராணி என்றால் தோட்டத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். நான் ஈப்போவில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து மச்சான் என்னைக் கிராணியாரே என்றுதான் கூப்பிடுவார்.

ஸ்மோக் அவுஸ் என்கிற அந்தப் புகைக்கூடம் தோட்டத்து ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது. பால் உறைந்து, உருளையில் நசுங்கி, வெள்ளைத் தாள்களாக வரும். அவற்றைக் கம்புகளில் தொங்கவிட்டு உள்ளே தள்ளி, கீழே செங்கல் அடுப்பில் ரப்பர் விறகை எரிப்பார்கள். எரிப்பார்கள் என்பதும் சரியில்லை. கொழுந்துவிட்டு எரிந்தால் தாள் கெட்டுவிடும். பாதி காயாத விறகைப் போட்டுப் புகைய விட வேண்டும். அதில்தான் இருந்தது வேலையின் நுணுக்கம். சில நாளில் தாள்கள் தேன் நிறத்துக்கு வந்து வெளிநாட்டுக் கப்பல் ஏறத் தயாராகிவிடும். பூஞ்சணம் பிடிக்காது, கெடாது. அடுப்பு வாய்க்கு எதிரில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. முன்னால் இருந்தவரின் நாற்காலி. கைப்பிடிகள் கறுத்து மினுமினுத்தன.

அந்தப் புகையைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததில்லை. கக்குவான் இருமல் வந்த குழந்தைகளைத் தாய்மார்கள் காலையில் தூக்கிக்கொண்டு போய்ப் புகைக்கூட வாசலில் நிற்பார்கள். நெஞ்சுச் சளி அறுத்துக்கொண்டு போகும் என்று நம்பிக்கை. என்னையும் அப்படித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு மாதிரி இனிப்பும் கரியும் கலந்த வாசனை. கொசு அண்டாது. மழைக்காலத்தில் அங்கே கதகதப்பாக இருக்கும். பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுக்க இருட்டோடு நின்று, மழையில் நனைந்து, அட்டை கடித்து மரம் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த நாற்காலியின் மேல் ஒரு கண் இருந்தது. அது மச்சானுக்குக் கிடைத்ததில் இரண்டு மூன்று பேருக்கு வருத்தம்கூட.

வீட்டில் உப்புக்கு எதிரான போர் தொடங்கியது. அக்கா உப்பு ஜாடியைத் துணியில் சுற்றி அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்தாள். ஊறுகாயை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள். கருவாட்டுக்கு வீட்டில் தடை. அவருக்குத் தனியாக, பிள்ளைகளுக்குத் தனியாகச் சமைக்க விறகுக்கும் நேரத்துக்கும் எங்கே போவது? பிள்ளைகளும் உப்பில்லாமல் சாப்பிட்டன.

“இது கொழம்பா, மருந்தா?” என்று கேட்டார் மச்சான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்.

“மருந்துதான். முழுங்குங்க.”

“கிராணியாரே, ஒங்க டாக்டரு வீட்ல என்ன சமையல்னு கேட்டுச் சொல்லு.”

“சித்தியவான் போனதும் ஒரு மூட்டை உப்பு வாங்கிப் போடுறேன்,” என்றாள் அக்கா. “அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு தின்னுங்க.”

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரசர் அளந்தார். அழுத்தம் குறையவில்லை. கூடியது. மாத்திரையைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூடியது. டிரசர் படித்த பாடத்தில் இதற்கு ஒரே விளக்கம்தான் இருந்தது.

“என்னண்ணே, திருட்டுத்தனமா கருவாடு ஓடுதா?”

“சாமி சத்தியமா இல்ல டிரசர்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்ப கோவப்படுறீங்க.”

“உப்பில்லாம சோறு போட்டா கோவம் வராம என்ன வரும்?”

டிரசர் நம்பவில்லை. அதைவிட மோசம், அக்காவும் நம்பவில்லை. வேலை முடிந்து வந்தவுடன் அவர் வாயை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். புகை வாசனையைத் தவிர வேறு எதுவும் வராது. கள்ளுக்கடையில் நிலக்கடலை தின்றாரா என்று விசாரித்தாள். ஒரு முறை கோபத்தில், “ரெண்டு பொண்ண விட ஒங்களுக்கு ஒரு துண்டு கருவாடு பெருசாப் போச்சா?” என்று கேட்டுவிட்டாள். மச்சான் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். திருடாத மனிதனை வீட்டுக்குள்ளேயே திருடனாக்கி வைத்திருந்தோம்.

நான்கு மாதம் கழிந்த நிலையில் சித்தியவானில் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பந்தல், சமையல் என்று உதவிக்கு ஆள் வேண்டும். மச்சான் சேர்த்து வைத்த விடுப்பை எல்லாம் போட்டுக்கொண்டு போனார். மீன் இறங்குகிற துறைக்குப் பக்கத்தில் அண்ணன் வீடு. காலை முதல் சாயங்காலம் வரை கடல் காற்று. கல்யாணம் முடிந்தும் அண்ணன் விடவில்லை. மூன்று வாரம் போல இருந்திருப்பார். மாத்திரை தீர்ந்துபோக, அங்கே ஒரு சிறு மருந்தகத்துக்குப் போனார். அளந்து பார்த்த தாதி, “ஒங்களுக்கு எதுக்குண்ணே மாத்திரை, நல்லாதான இருக்கு?” என்றிருக்கிறாள்.

திரும்பி வந்தவுடன் டிரசர் அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். இறங்கித்தான் இருந்தது. வேலைக்குத் தகுதி என்று முத்திரை குத்தும் அளவுக்கு இறங்கியிருந்தது.

“அங்க தெனமும் கருவாடுதான் தின்னேன்,” என்று எனக்குச் சொன்னார் மச்சான். “நெத்திலி, சூடை, நண்டு, எல்லாம். உப்பும் தின்னேன், பிரஷரும் எறங்கிருச்சு. போயி ஒங்க ஆபீஸ்ல எழுதி வைய்யி.”

நான் சிரித்தேன். அந்த நேரத்தில் அது ஒரு நல்ல ஜோக்காகத்தான் தோன்றியது.

இறங்கியதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. மாத்திரை இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்றார் டிரசர். அக்கா தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. மண்டோர் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. “ஒக்கார வச்சேன்லா, அதான். நாலு மாசம் ஒடம்புக்கு ரெஸ்ட்டு. இனிமே சோதனை வர்ற வரைக்கும் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே கூடாது அண்ணே.” புகை இல்லாத இடத்தில் மூன்று வாரம் இருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செல்லுபடி ஆகியிருக்காது. அந்தக் காலத்து மருத்துவத்தில் புகை நெஞ்சு இலாகாவைச் சேர்ந்தது. இருமல், சளி, காசநோய் எல்லாம் அங்கே. ரத்த அழுத்தம் வேறு இலாகா. அங்கே உப்பு, கவலை, பரம்பரை. ஓர் இலாகாவின் கோப்பு இன்னொரு இலாகாவுக்குப் போகிற வழக்கம் இல்லை.

மச்சான் நாற்காலிக்குத் திரும்பினார். அக்கா உப்பை மறுபடி புதைத்தாள். கடைசி ஐந்தாறு வாரமும் மழை. விறகு ஈரம், தாள்கள் காய மறுத்தன. புகையை அதிகம் போட வேண்டியிருந்தது.

மறுபரிசோதனை நாளில் அவர் விடியற்காலையில் அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு, பீடோரில் பஸ் ஏறி ஈப்போ வந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. இருந்தும் அந்த வாசனை அவரோடு வந்தது. பட்டை கட்டிய தாதி தமிழ்ப் பெண். மூக்கைச் சுளித்துச் சிரித்தாள்.

“என்னண்ணே, சுட்ட கருவாடு மாதிரி மணக்குறீங்க. எனக்குப் பசிக்குது.”

“பொகை போட்ட சரக்கும்மா. கெட்டுப் போகாது.”

“பேசாதீங்க,” என்றேன் நான். “பேசுனா கூடும்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் வைத்து, கையை மேசை மேல் நீட்டி, ஒரு பள்ளிப் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். எல்லாம் விதிப்படி. பாதரசம் ஏறியது, இறங்கியது. தாதியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. டாக்டர் வந்து படுக்க வைத்து, காத்திருந்து, இரண்டு கையிலும் அளந்தார். அவரும் தம்மால் முடிந்ததையெல்லாம் செய்தார். முதல் பரிசோதனையில் இருந்ததைவிட நன்றாகவே கூடுதல்.

“காகால்?” என்று மலாயில் கேட்டார் மச்சான். தேறவில்லையா என்று அர்த்தம். டாக்டர் ஆமாம் என்று சொல்லாமல், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார்.

வெளியே வந்து ஒரு சீனர் கடையில் உட்கார்ந்தோம். மச்சான் கஞ்சி சொன்னார். கூடவே உப்பு முட்டை, உப்பு மீன், உப்பில் ஊறிய கீரை. மேசையில் இருந்த சோயா போத்தலையும் எடுத்துக் கவிழ்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ சொல்லு கிராணியாரே. நா கருவாடு திங்கல. நீயாச்சும் நம்புறியா?”

“நம்புறேன் மச்சான்.”

“அப்ப எப்படி ஏறுச்சு?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பழக்கமும் இல்லை. சில பேருக்கு அப்படித்தான் என்றேன்.

“சில பேருக்கு,” என்று சொல்லிக்கொண்டு உப்பு முட்டையைப் பிட்டார். “ஒங்க அக்காகிட்ட நீயே சொல்லிரு. எனக்குத் தெம்பு இல்ல.”

சித்தியவான் வேலைக்கு வேறொருவர் போனார். மச்சான் நாற்காலியிலேயே இருந்தார், இப்போது நிரந்தரமாக. ரத்தக்கொதிப்புக்காரர் என்று பெயராகிவிட்டதால் மரம் வெட்ட அனுப்ப மண்டோருக்கு மனம் வரவில்லை. எண்பதுகள் பிறந்தன. தோட்டம் விற்கப்படும் என்ற பேச்சு ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து போனது. ஒரு நாள் மத்தியானம் அடுப்பு வாயில் கையில் விறகோடு சரிந்துவிட்டார். ஒரு பக்கம் வாதம். வாய் கோணிப் பேச்சு குழறியது. ஒரு வருடத்துக்கும் மேல் லயத்தில் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அவர் படுக்கையில் கிடந்தபோது அக்கா உப்புப் போட்டுத்தான் ஊட்டினாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான், படிக்க நேரம் கிடைத்து, இரண்டு இலாகாக்களும் இப்போது கோப்புகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று தெரிந்துகொண்டேன். புகையில் இருக்கிற மிக நுண்ணிய துகள் நுரையீரலில் நின்றுவிடுவதில்லையாம். அங்கே ஒரு வீக்கத்தைக் கிளப்பிவிடுகிறது. சில துகள்கள் ரத்தத்துக்குள்ளேயே கடந்துவிடுகின்றன. ரத்தக் குழாயின் உட்சுவர் மென்மையானது; தேவைப்படும்போது விரிந்துகொடுக்க வேண்டியது. புகையில் அது புண்பட்டு, விரிய மறந்து, விறைக்கத் தொடங்குகிறது. உடம்பும் ஆபத்து என்று எண்ணிக் குழாய்களை இறுக்குகிறது. அழுத்தம் மணிக்கணக்கிலேயே ஏறும், நல்ல காற்றுக்குப் போனால் கொஞ்சம் இறங்கும். வருடக்கணக்கில் இருந்தால் இறங்காது. விறகடுப்பு, கல்லுடைக்கும் தூசு, லாரிப் புகை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஈப்போவில் நான் வீடு வாங்கியது சுண்ணாம்பு மலையை உடைத்து லாரிகளில் ஏற்றிப் போகிற சாலையின் ஓரத்தில். வாசலில் இருந்த குரோட்டன் செடியின் நிறம் மழை நாளில்தான் தெரியும். நானும் இப்போது காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி ஒன்று. அளக்கும்போது நான் பேசுவதில்லை.

மச்சான் படுக்கையில் விழுந்த சமயத்துக்குத் திரும்புகிறேன். அக்காவுக்கு முட்டி போய்விட்டது. மேடு பள்ளத்தில் மரம் வெட்ட முடியவில்லை. பெரியவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, சின்னவள் பீடோரில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருவராவது செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பட்டியலில், இருந்தால்தான் லயத்து வீடு. நான் ஈப்போவுக்கு வந்துவிடச் சொன்னேன்.

“படுத்த ஆளையும் பொண்ணையும் வச்சிக்கிட்டு தம்பி வீட்டுல வந்து ஒக்கார முடியாதுடா,” என்றாள். “மண்டோரு அண்ணன் ஒரு வழி சொல்லிருக்காரு.”

மண்டோர் அண்ணனிடம் இருந்தது அதே வழி, புகைக்கூடத்தில் அதே நாற்காலி. அவருக்கு அதைவிட இரக்கமான இடம் தோட்டத்தில் தெரியாது. வீடும் பக்கம், நடுவில் ஓடிப்போய்ப் புருஷனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வரலாம். நான் சட்டத்தைப் பார்த்தேன். தவறு எதுவும் இல்லை. மண்டோருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மச்சான் போய்ச் சில மாதம் கழித்து நான் தோட்டத்துக்குப் போன ஒரு நாள், அக்கா தலைவலி என்றாள். மருந்தகத்துக்குக் கூட்டிப் போனேன். டிரசர் அதே மனிதர்தான், தலை நரைத்திருந்தது. பட்டையைக் கட்டினார், காற்றடித்தார், குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

“உப்பக் கொறைக்கணும்லா அக்கா.”

“நா எனக்குன்னு உப்புப் போட்டு ஆக்கி ஏழெட்டு வருசமாச்சு டிரசர்,” என்றாள் அவள். “அவரு காலத்துல விட்டது. நாக்கும் பழகிருச்சு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க,” என்று சிரித்தபடி அவர் சீட்டு எழுதினார். மாத்திரை, உப்பு இல்லாத சாப்பாடு, இலேசான வேலை. அக்காவுக்கு எழுத்து வாசிக்க வராது. நான் வாசித்துச் சொன்னேன். அவள் சீட்டை வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். சேலையில் அந்தப் பழைய வாசனை வந்தது.

“லைட் டூட்டி,” என்றாள். “இதுக்கு மேல எங்க போயி ஒக்கார்றது?”